நான்கு மீட்டர், ஐந்து நொடி: வீட்டுப் பெரியவர்களின் நடையை அளந்து பார்ப்போம்



நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் அடுத்தபடியாக அதிகம் வருபவை கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி கேட்டு வருபவைதான். மனு வந்தால் பெயர், முகவரி, குடும்ப அட்டை நகல், ஜமாஅத் கடிதம் ஆகியவற்றைச் சரிபார்ப்போம். கையிருப்பில் இருந்தால் அன்றைக்கே கொடுத்து அனுப்பிவிடுவோம். “ஏன் நடக்க முடியவில்லை?” என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. வயதாகிவிட்டது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டோம்.

அப்படி நாம் கைத்தடி கொடுத்த பெரியவர் ஒருவர், மூன்று வாரம் கழித்துத் தம் வீட்டு நிலைப்படியில் கால் இடறி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அவரைப் பார்த்த மருத்துவர், முதலில் அவருடைய செருப்பைக் கொண்டுவரச் சொன்னார். இடது செருப்பின் முன்பக்கம் காகிதம்போல் தேய்ந்திருந்தது. குதிகால் பக்கமோ புதிதுபோல் இருந்தது. “இவர் வழுக்கி விழவில்லை. பல மாதமாகவே இவருடைய இடது பாதம் மேலே எழும்பவில்லை. விரல்களை இழுத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்” என்றார் மருத்துவர். நாம் கொடுத்த தடியும் அவருடைய உயரத்துக்கு நான்கு அங்குலம் அதிகம். அதையும் அவர் தவறான கையில் பிடித்திருக்கிறார்.

அந்தச் செருப்பு நாள்தோறும் ஐந்து வேளையும் பள்ளிவாசல் வாசலில்தான் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நாம் அனைவரும் உள்ளே போனோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இது நம் பக்கத்துத் தவறு. அதை ஒப்புக்கொண்டு, நடை என்றால் என்ன, அதை எப்படி அளப்பது என்று மருத்துவர்களிடமும் இயன்முறை சிகிச்சையாளர்களிடமும் கேட்டும் படித்தும் நாம் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நடக்கும்போது என்ன நடக்கிறது?

நடை என்பது, முன்னால் விழப்போகும் உடலை அடுத்த காலை ஊன்றித் தாங்கிக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு எட்டிலும் நாம் கொஞ்சம் விழுகிறோம், உடனே தாங்கிக்கொள்கிறோம். குழந்தை நடக்கப் பழகும்போது இது கண்ணுக்குத் தெரியும். பெரியவர்களான பிறகு தெரியாமல் போய்விடுகிறது.

வலது குதிகால் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வலது குதிகால் மறுபடி தரையைத் தொடும் வரை உள்ள நேரம் ஒரு நடைச் சுற்று. நலமாக இருக்கும் ஒருவருக்கு இது ஒரு நொடியை ஒட்டியே இருக்கும். இந்தச் சுற்றில் சுமார் 60 விழுக்காடு நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கும். மீதி 40 விழுக்காடு நேரம் காற்றில் முன்னோக்கி வீசப்படும். முன்னதை ஊன்று நிலை என்றும் பின்னதை வீச்சு நிலை என்றும் சொல்லலாம்.

இரண்டு காலுக்கும் தலா 60 விழுக்காடு என்றால், இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையில் இருக்கும் தருணங்களும் உண்டு என்று பொருள். ஒரு சுற்றில் அது இரண்டு முறை வரும், ஒவ்வொரு முறையும் சுமார் 10 விழுக்காடு. ஓடும்போது இது அறவே இருக்காது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்தவர்களுக்கு இது கூடிக்கொண்டே போகும். பாசி பிடித்த கிணற்றடியில் நாம் எப்படி நடப்போம் என்று நினைத்துப் பாருங்கள். எட்டு குறுகும், பாதம் தரையை விட்டுக் கிளம்பவே தயங்கும். ஒரு பெரியவர் காய்ந்த சிமெண்டுத் தரையிலும் அப்படி நடந்தால், அவர் உடல் ஏதோ சொல்கிறது.

இந்த ஒரு நொடிக்குள் நடக்கும் வேலைகள் பல.

குதிகால் தரையைத் தொட்டதும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசை பாதத்தை மெதுவாகக் கீழே இறக்குகிறது. அது பலவீனமானால் பாதம் “டப்” என்று தரையில் அறையும். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் கேட்கும்.

அடுத்து, முழு உடலையும் ஒரே கால் தாங்கும். அப்போது இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் இடுப்பைச் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. அவை தளர்ந்தால் இடுப்பு மறுபக்கம் இறங்கும், உடல் வாத்துபோல் ஆடும்.

பிறகு கெண்டைக்கால் தசை தரையை உந்தித் தள்ளுகிறது. எட்டின் நீளத்தில் பெரும்பங்கு இந்த உந்தலைப் பொறுத்தது.

கடைசியாக வீச்சு. முழங்கால் 60 பாகை அளவு மடங்குகிறது, பாதம் மேலே தூக்கப்படுகிறது. ஆனால் கால் நடுவில் கடந்து செல்லும்போது விரல்நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி வெறும் 1 முதல் 2 சென்டிமீட்டர்தான். நலமாக இருப்பவர்களுக்கே அவ்வளவுதான். இந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தால் போதும், மடங்கிய கால்மிதி, சற்றே எழும்பிய டைல்ஸ், நிலைப்படி எல்லாம் தடுக்கிவிடும். நம் பெரியவருக்கு நடந்தது இதுதான்.

எதையெல்லாம் அளக்கிறார்கள்?

ஒரு காலின் குதிகால் பட்ட இடத்திலிருந்து மறு காலின் குதிகால் பட்ட இடம் வரை உள்ள தூரம் எட்டின் நீளம். இடதுக்கும் வலதுக்கும் இது ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அதே காலின் அடுத்த பதிவு வரை உள்ள தூரம் இரட்டை எட்டு. இரண்டு பாதங்களுக்கும் நடுவே உள்ள பக்கவாட்டு இடைவெளி நடையின் அகலம். ஒரு நிமிடத்தில் எத்தனை எட்டு என்பது நடையின் எண்ணிக்கை. பெரியவர்களுக்கு இது பொதுவாக 100 முதல் 120 வரை இருக்கும்.

எட்டின் நீளத்தை எண்ணிக்கையால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். எட்டு 65 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 110 எட்டு என்றால் நிமிடத்துக்கு 71.5 மீட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர். நலமான நடுவயதினரின் இயல்பான நடை இதை ஒட்டித்தான் இருக்கும்.

இந்த வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவ உலகம் கடந்த சில பத்தாண்டுகளில்தான் நன்றாக உணர்ந்தது. 65 வயதைக் கடந்த 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் அமெரிக்காவில் வெளியானது. இயல்பான நடை வேகம் குறைவாக இருந்தவர்களின் ஆயுளும் பொதுவாகக் குறைவாக இருந்ததை அது காட்டியது. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. வேகமாக நடந்தால் ஆயுள் கூடும் என்று அந்த ஆய்வுக்கு நாம் பொருள் கொள்ளவும் கூடாது. நடப்பதற்கு இதயம், நுரையீரல், நரம்பு, தசை, மூட்டு, கண், காது, மூளை எல்லாம் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அவற்றில் எது தளர்ந்தாலும் நடையில் தெரியும் என்பதே அதன் பொருள். அதனால்தான் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் நடை வேகத்தையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள்.

நமக்கு இதற்கு இயல்பாகவே ஓர் அளவுகோல் உண்டு. அது வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரையுள்ள தூரம். அது 300 மீட்டர் என்றால், நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் நான்கு நிமிடத்தைச் சற்றுக் கடந்து வந்து சேர்வார். 0.8 மீட்டர் நடப்பவருக்கு ஆறே கால் நிமிடம் ஆகும். 0.6 மீட்டர் என்றால் எட்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். வழக்கமாக முதல் ஸஃப்பில் நிற்பவர் இப்போதெல்லாம் முதல் ரக்அத்தைத் தவறவிடுகிறார் என்றால், சோம்பல் என்று நினைத்துவிடாமல் நடையைக் கவனியுங்கள்.

கடற்கரை மணலில் ஒரு பாடம்

மேலே சொன்னவற்றைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நம் பகுதியில் நல்ல இடம் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கோ கோவளத்துக்கோ குடும்பத்தோடு போகும்போது, அலை வந்து திரும்பிய ஈர மணலில் ஒருவரை இயல்பாகப் பத்துப் பன்னிரண்டு எட்டு நடக்கச் சொல்லுங்கள். தரையைப் பார்க்காமல் நேராகப் பார்த்து நடக்க வேண்டும். முதல் இரண்டு சுவடுகளை விட்டுவிட்டு மற்றவற்றைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். இடது எட்டும் வலது எட்டும் ஒன்றாக இருக்கின்றனவா? குதிகால் ஆழமாகப் பதிந்திருக்கிறதா? சுவடுக்கும் சுவடுக்கும் இடையே விரல் இழுத்த கோடு தெரிகிறதா? கடற்கரை ஒருபக்கம் சரிவாக இருக்கும். அதனால் திரும்பி வரும் நடையையும் அளந்து ஒப்பிட வேண்டும். மணலில் நடை கொஞ்சம் மாறும் என்பதால் இதைக் கொண்டு நோயை முடிவு செய்யக் கூடாது. எதைப் பார்க்க வேண்டும் என்று பழகிக்கொள்ள இது உதவும்.

இதே கேள்விகளைத்தான் விஞ்ஞானிகளும் கேட்டார்கள். பிரான்ஸ் நாட்டின் எத்தியன் ஜூல் மாரே என்பவர் 1870களில், காலணியின் அடியில் காற்றறை வைத்து அதை ரப்பர் குழாயால் ஒரு பதிவுக் கருவியோடு இணைத்தார். பாதம் எப்போது ஊன்றுகிறது, எப்போது எழும்புகிறது என்பது தாளில் கோடாக விழுந்தது. பின்னர் 1882இல், நடக்கும் மனிதனின் அடுத்தடுத்த நிலைகளை ஒரே தகட்டில் பதியும் படக்கருவியை அவர் பயன்படுத்தினார்.

இன்றைய நடை ஆய்வுக்கூடம் அதன் வளர்ச்சிதான். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அவற்றின் அசைவைப் பதிவு செய்து, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று கணினியில் காட்டும். தரையில் பதித்த பலகை பாதம் அழுத்தும் விசையை அளக்கும். 60 கிலோ எடையுள்ளவர் சாதாரணமாக நடக்கும்போதே அந்த விசை ஒரு கட்டத்தில் அவருடைய எடையைவிடச் சற்றுக் கூடுதலாகிவிடும். தோலில் ஒட்டும் மின்முனைகள் எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று சொல்லும். உள்ளங்காலில் எந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்பதை அழுத்த விரிப்பு நிறங்களாகக் காட்டும். மூளை வாதம் உள்ள குழந்தைக்கு அறுவை சிகிச்சை தேவையா, எந்தத் தசையில் தேவை என்று முடிவெடுக்கும்போது இத்தகைய சோதனைகள் பெரிதும் உதவுகின்றன.

நடையை நுணுக்கமாக அறிந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சென்னையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையம், 2022இல் ‘கதம்’ என்ற செயற்கை முழங்காலை வெளிக்கொண்டு வந்தது. இந்தியில் அந்தச் சொல்லுக்கு எட்டு என்று பொருள். சாதாரணக் கீல் ஒரே அச்சில் மடங்கும். கதம் பல அச்சுகளில் மடங்குவது. ஊன்றும்போது திடீரென்று மடங்கி ஆளைக் கவிழ்க்காமல் அது உறுதியாக நிற்கும். வீசும்போது பாதத்துக்கும் தரைக்கும் நடுவே கூடுதல் இடைவெளி கிடைக்கும். மேலே சொன்ன ஊன்று நிலை, வீச்சு நிலை இரண்டுக்கும் தனித்தனியாக விடை தேடிய கருவி அது. அது 160 பாகை வரை மடங்கும் என்பதால் பேருந்திலும் ஆட்டோவிலும் ஏறி உட்காரவும் வசதி.

திருமணி நமக்குக் கற்றுத்தருவது

செங்கல்பட்டுக்காரர்களுக்குத் திருமணி என்றாலே தொழுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். லேடி வெலிங்டன் பெயரில் இருந்த பழைய தொழுநோய் இல்லத்தை ஏற்று, 1955இல் மத்திய அரசு அங்கே தொழுநோய்க்கான மத்திய பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. நம்மில் பலர் அந்தப் பக்கம் போவதற்கே தயங்குவோம். ஆனால் நடையைப் பற்றி அறிய விரும்புவோருக்குத் தொழுநோய் மருத்துவம் கற்றுத்தந்தது அதிகம்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே அதற்குப் பாதுகாப்பு குறைவு. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குவது அந்த நரம்புதான். தொழுநோய்க் கிருமி அதைத் தாக்கினால் பாதம் தொங்கிப்போகும். அப்படிப்பட்டவர் படி ஏறுவதுபோல் முழங்காலை உயரத் தூக்கி நடப்பார். அல்லது விரல்களை இழுத்து நடப்பார். தொழுநோய் தவிர, இடுப்பு வட்டு நழுவி நரம்பை அழுத்துவது, சர்க்கரை நோய், இறுக்கமான மாவுக்கட்டு, நீண்ட நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்வது ஆகியவற்றாலும் பாதம் தொங்கலாம். நம் பெரியவருக்கு எதனால் வந்தது என்பது அவருடைய குடும்பத்தின் அமானிதம். அதை இங்கே எழுதவில்லை.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்களைக் கவனித்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். விரல்களும் பாதங்களும் கிருமியால் அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்து வலி தெரியாமல் போவதால், காயம் பட்ட காலிலேயே திரும்பத் திரும்ப நடந்து அவர்களே அதை அறியாமல் சிதைத்துக்கொள்கிறார்கள். வலி தெரிந்தவர் கல் குத்தினால் உடனே எட்டை மாற்றிக்கொள்வார், நொண்டுவார். வலி தெரியாதவர் நொண்டமாட்டார். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும், புண் ஆறாது. இந்த அறிவிலிருந்துதான் அழுத்தத்தைப் பரவலாக்கும் மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் வந்தன.

இன்று நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. அது பல ஆண்டு நீடித்தால் உள்ளங்கால் மரத்துப்போகும். திருமணியில் சொல்லும் அதே பாடம் இங்கேயும் பொருந்தும். பாதத்தில் செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பவர், பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பவர், எட்டை அகலமாக வைத்து நடப்பவர், இருட்டில் தடுமாறுபவர் உடனே மருத்துவரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். ஒளு செய்யும்போது கால் கழுவும் அந்த நேரத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணால் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். தொழுநோய் மாத்திரைகளால் முழுமையாகக் குணமாகும். சிகிச்சை இலவசம். நரம்பு கெடுவதற்கு முன்னால் போனால் நடை காப்பாற்றப்படும்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

ஆய்வுக்கூடம் எல்லோருக்கும் தேவையில்லை. கீழே உள்ள நான்கையும் எந்த வீட்டிலும் செய்யலாம். பெண்களுக்கு வீட்டுப் பெண்களே செய்யலாம். தேவைப்பட்டால் நம் மகளிர் குழுச் சகோதரிகள் வருவார்கள்.

1. நான்கு மீட்டர் நடை. தடங்கல் இல்லாத இடத்தில் 4 மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு எட்டு முன்பிருந்தே இயல்பான நடையில் வரச் சொல்லுங்கள். இரண்டாவது கோட்டைத் தாண்டியும் இரண்டு எட்டு போகட்டும். கோட்டிலிருந்து கோடு வரை ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். வழக்கமான செருப்பும், தடி இருந்தால் தடியும் இருக்கட்டும். இரண்டு முறை அளந்து குறைந்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். 5 நொடிக்கு மேல் ஆனால் வேகம் நொடிக்கு 0.8 மீட்டருக்கும் குறைவு. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2. எழுந்து நடந்து திரும்புதல். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று கொள்ளலாம். திரும்பும் இடத்தில் தடுமாறுகிறாரா, பல சிறு எட்டு வைத்துத்தான் திரும்புகிறாரா என்றும் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் கைகொடுக்கத் தயாராக நிற்க வேண்டும். தனியே எழ முடியாதவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

3. செருப்பு. இரண்டையும் திருப்பிப் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் எழும்பவில்லை. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் சாய்ந்து ஊன்றுகிறது.

4. கைப்பேசிப் படம். முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பத்துப் பத்து எட்டு நடப்பதை, அவர் சம்மதத்தோடு, படம் எடுத்து வையுங்கள். மருத்துவரின் அறையில் பலர் நன்றாக நடந்து காட்டிவிடுவார்கள். இந்தப் படம் உண்மையைச் சொல்லும். இதை உறவினர் குழுக்களில் அனுப்ப வேண்டாம்.

ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டியிருப்பது, எட்டு குறுகித் தரையைத் தேய்ப்பது, வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவது ஆகியவை நடுக்குவாத நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். நடை திடீரென்று, ஒரே நாளில், ஒருபக்கமாக மாறினால், அதோடு வாய் கோணுதலோ பேச்சுக் குழறலோ இருந்தால், அளந்துகொண்டிருக்க வேண்டாம். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

குழந்தை 18 மாதமாகியும் தனியே நடக்கவில்லை என்றாலும், மூன்று வயதுக்குப் பிறகும் நுனிக்காலிலேயே நடந்தாலும் காட்ட வேண்டும். “நம் வீட்டில் எல்லாரும் லேட்டாத்தான் நடந்தோம்” என்று பாட்டிமார்கள் சொல்வதோடு விட்டுவிட வேண்டாம்.

ஹஜ், உம்ரா நிய்யத் வைத்திருப்பவர்களும் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடப்பது மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர் வரும். பயணத்துக்குப் பல மாதம் முன்பே நடையைத் தெரிந்துகொண்டால், பயிற்சியா சக்கர நாற்காலியா என்று அமைதியாக முடிவெடுக்கலாம்.

கைத்தடி எந்தக் கையில்?

பெரும்பாலோர் வலிக்கும் கால் பக்கமே தடியைப் பிடிக்கிறார்கள். அது தவறு. வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலில் ஊன்றும்போது அந்த இடுப்பு மூட்டு உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு சுமையைத் தாங்குகிறது. எதிர்ப்பக்கம் தடி ஊன்றினால் இடுப்புத் தசையின் வேலை குறையும், மூட்டின் சுமையும் குறையும். தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும்.

உயரம் பார்க்க, செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தடியின் பிடி மணிக்கட்டுக் கோட்டுக்கு நேராக வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். தடியின் அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். ஹவுள் பக்கத்து ஈரத்தரையில் தேய்ந்த புஷ், தடி இல்லாததைவிட ஆபத்து.

எங்கே போவது?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவம், இயன்முறை சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. பலவகைக் குறைபாடுகள் உள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. செயற்கைக் கால், காலணி, மறுவாழ்வுச் சிகிச்சைக்குச் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வெளியே வர முடியாதவர்களுக்கு 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்றவர்களுக்கு அரசு உதவிகள் உண்டு. அதற்கான அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நிரப்ப நம் அலுவலகத்தில் உதவி செய்கிறோம்.

இனி நம் அறக்கட்டளையில் கைத்தடியோ வாக்கரோ கேட்டு மனு வந்தால், நான்கு மீட்டர் நடையை அளந்து, செருப்பைப் பார்த்து, உயரம் குறித்து, அதன்பிறகே கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இதனால் ஒருநாள் தாமதம் ஆகலாம். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் என்று தெரிந்தால், தொண்டர் ஒருவர் உடன் வருவார். போக்குவரத்துச் செலவையும் அறக்கட்டளை ஏற்கும். இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து அதில் எழுதுவோம்.

அந்தப் பெரியவர் அறுவை சிகிச்சை முடிந்து, பாதத்தைத் தாங்கும் பட்டை அணிந்து, வாக்கரோடு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். இப்போதைக்கு நாற்காலியில் அமர்ந்து வீட்டிலேயே தொழுகிறார். பள்ளிக்கு வர வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அவருக்காக துஆ செய்யுங்கள். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவர்களை நான்கு மீட்டர் நடக்கச் சொல்லி, கூடவே நீங்களும் நடந்து பாருங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்